கோழிக்குள் எவ்வளவு டைனோசர்?

மரப்பிசினில் சிக்கி இறுகிப்போன ஒரு கொசு, அதன் வயிற்றில் டைனோசர் ரத்தம், அந்த ரத்தத்தில் டி.என்.ஏ. 1993-ல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படம் இந்தக் கணக்கைச் சொல்லித்தான் உலகத்தை நம்பவைத்தது. படத்தில் கொசு அடங்கிய அந்த இறுகிய பிசினை, அதாவது அம்பரைத் தோண்டியெடுப்பது டொமினிகன் குடியரசில். அங்கு கிடைக்கும் அம்பரின் வயது ஒன்றரை முதல் இரண்டு கோடி ஆண்டுகள்தான். டைனோசர்கள் அழிந்ததோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்தக் கொசு யாரைக் கடித்திருந்தாலும் டைனோசரைக் கடித்திருக்க வழியில்லை.

சினிமாவை விடுவோம். படம் வந்த மறு வருடமே ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 8 கோடி ஆண்டுப் பழைய எலும்புத் துண்டுகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்திருப்பதாக, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் உட்வர்டு குழு 1994-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. பரபரப்பு அடங்குவதற்குள் மற்ற ஆய்வாளர்கள் அந்த டி.என்.ஏ. வரிசையைக் குடைய ஆரம்பித்தார்கள். டைனோசர் என்றால் பறவையோடோ முதலையோடோ உறவு தெரிய வேண்டும். இதுவோ மனிதனோடு ஒத்துப்போனது! துளி டி.என்.ஏ. கிடைத்தாலும் கோடிக்கணக்கில் பெருக்கித் தரும் பி.சி.ஆர். முறைக்கு, எலும்பில் இருந்தது எது, வெளியிலிருந்து வந்து ஒட்டியது எது என்ற பேதம் கிடையாது.

அசல் டி.என்.ஏ. எவ்வளவு காலம்தான் தாங்கும்? நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்த மோவா என்ற பெரிய பறவையின் 158 கால் எலும்புகளை வைத்து 2012-ல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். சுமார் 13 டிகிரி செல்சியஸில் கிடந்த அந்த எலும்புகளில், 521 ஆண்டுகளுக்கு ஒரு முறை டி.என்.ஏ.வின் இணைப்புகளில் பாதி அறுந்திருந்தது. மைனஸ் 5 டிகிரி குளிரில் வைத்துக் காப்பாற்றினாலும் 68 லட்சம் ஆண்டுகளில் கடைசி இணைப்பும் போய்விடும் என்பது அவர்கள் முடிவு. டைனோசர் காலம் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு தூரத்தில் இருக்கிறது. உறைபனி பூமியான கிரீன்லாந்தின் மண்ணிலிருந்தே 20 லட்சம் ஆண்டுப் பழைய துணுக்குகள்தான் இதுவரை கிடைத்திருக்கின்றன. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான டைனோசரின் எலும்புகள், தோண்டியெடுத்த பிறகு சிதைந்தே போய்விட்டன. அங்கே டி.என்.ஏ. தேடுவது வீண் வேலை.

ஆனாலும் புதைபடிவங்கள் அவ்வப்போது ஆச்சரியம் தரத்தான் செய்கின்றன. மோன்டானாவில் கிடைத்த ஒரு டைரனோசாரஸ் ரெக்ஸின் தொடை எலும்பை, ஹெலிகாப்டரில் ஏற்ற முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால் உடைக்க வேண்டியதாயிற்று. அதன் உட்புறத் துண்டுகளை ஆய்வாளர் மேரி ஷ்வைட்சர் ஒரு கரைசலில் ஊறவைத்துத் தாதுக்களை நீக்கினார். மிஞ்சியது கல்லல்ல. இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருங்கும் மெல்லிய திசு; கிளை பிரிந்த ரத்தக்குழாய் போன்ற வடிவங்களும் அதில் இருந்தன. 2005-ல் இது வெளியானபோது பலர் நம்பவில்லை. சர்ச்சை இன்னும் முழுதாக ஓயவில்லை. கிடைத்தவை புரதத் துணுக்குகள் என்றே வைத்துக்கொண்டாலும், ஓர் உயிரை எழுப்பத் தேவையான கட்டளைகள் அவற்றில் இல்லை.

முழு டி.என்.ஏ. கையில் இருந்தாலே போதுமா என்றால், அதுவும் போதாது. பிரனீஸ் மலை ஆட்டினத்தின் கடைசி ஆடான சீலியா 2000-ல் இறந்தது. முன்னதாகவே எடுத்து உறையவைத்திருந்த அதன் செல்களைக் கொண்டு 2003-ல் குளோன் குட்டி ஒன்றைப் பிறக்கவைத்தார்கள். நுரையீரல் கோளாறால் அது சில நிமிடங்களில் செத்துப்போனது. உயிரோடிருந்த செல்லும், சுமக்க வாடகைத் தாய் ஆடும் இருந்தே இந்தக் கதி. டைனோசர் முட்டையிடும் இனம். பெரிய மஞ்சள் கருவுள்ள முட்டையில் இந்த வித்தையைச் செய்வது இன்னும் சிரமம்.

ஆகவே சிலர் எலும்பை விட்டுவிட்டுக் கோழியைப் பிடித்திருக்கிறார்கள். பறவைகள் டைனோசர்களின் நேர் வாரிசுகள். மூதாதையரின் சில பழைய செய்முறைகள் கோழியின் மரபணுவில் இன்னமும் தூங்குகின்றன. 2006-ல், முட்டைக்குள்ளேயே இறந்துவிடும் ஒருவகைக் கோழிக் கருவின் தாடையில் முதலைப் பல்லைப் போன்ற கூரிய முளைகளைக் கண்டார்கள். 2015-ல் ஆய்வாளர்கள் பார்ட்-அஞ்சன் புல்லரும் அர்ஹத் அப்ஷானோவும் வேறொன்று செய்தார்கள். முட்டை ஓட்டில் சிறு ஜன்னல் திறந்து, அலகை உருவாக்கும் புரதங்களின் வேலையைத் தடுக்கும் மருந்தில் தோய்த்த நுண்மணிகளைக் கருவின் முகத்தில் வைத்தார்கள். அலகு எலும்பு ஒன்றாகக் கூடாமல், பழைய டைனோசர்களின் மூஞ்சியைப் போல இரண்டாக நின்றது. அந்தக் கருக்களைப் பொரிக்க விடவில்லை.

புதைபடிவ ஆய்வாளர் ஜாக் ஹார்னர் இந்த வழியில்தான் ‘கோழிசோரஸ்’ ஒன்றை உருவாக்கலாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். அப்படி ஒன்று வந்தாலும் அது திருத்திய கோழிதான். கிரெட்டேசியக் காலத்து மிருகம் ஆகாது. அவருக்குப் பெரிய தலைவலி வால். கருவிலேயே குட்டையாகி ஒன்றாக இணைந்துவிடும் கோழியின் வாலெலும்பை நீள வைக்கும் வழி பிடிபடவில்லை.

மரபணுவே வேண்டாம் என்று சிலியில் ஒரு குழு குறுக்கு வழியில் போனது. குஞ்சுகளின் பின்புறத்தில் மரக்குச்சி வாலைக் கட்டி, வளர வளர அதையும் பெரிதாக்கி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வளர்ந்த கோழிகள் முழங்காலை மடக்கி நடக்கும் வழக்கத்தைக் குறைத்து, தொடையை அதிகம் வீசி, இரண்டு கால் டைனோசர்களைப் போல நடந்தன. 2014-ல் வெளியான அந்த ஆய்வுக்கு மறு வருடம் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கிடைத்தது.