படைவலியும் குடிவலியும்

பெரும்படை ஒன்று ஊருக்குள் புகும்போது, வாளும் ஈட்டியும் சில துப்பாக்கிகளும் மட்டுமே உடைய குடிமக்கள் அதனை எதிர்த்து நிற்றல் கூடுமா? பல நாடுகளிலும் எழுந்த வினா இது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கோ இது வெறும் ஏட்டு வினா அன்று. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக, வெவ்வேறு கோலங்களில் வாயிலுக்கு வந்து நின்ற வினா.

திருக்குறள் நாட்டின் அரணை வகுக்குமிடத்து நீர், வெளிநிலம், மலை, காடு என நான்கைச் சொல்லும். இந்த அளவுகோலால் குடாநாட்டை அளந்து பார்க்கலாம். சுண்ணாம்புக் கற்பாறை மேல் விரிந்த சமநிலம் அது. மலை இல்லை, பேராறு இல்லை, படையை மறைக்கும் பெருங்காடும் இல்லை. பனந்தோப்பு நிழல் தருமேயன்றி மறைவு தராது. மூன்று புறமும் சூழ்ந்த கடலோ, கப்பற்படை இல்லாதவனுக்கு அரண். உடையவனுக்கு அகன்ற வாயில்.

1560-ஆம் ஆண்டில் போர்த்துக்கேய இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா அந்த வாயில் வழியாகவே வந்தார். நல்லூர் வீழ்ந்தது. சங்கிலி மன்னன் தலைநகரை விட்டு நீங்கினான். பின்னர் உடன்படிக்கை ஒன்றும் ஏற்பட்டது. வெற்றி முடிந்துவிட்டது என்று வந்தவர் எண்ணியிருந்த வேளையில், நாட்டு மக்கள் திடீரெனக் கிளர்ந்தெழுந்தனர். ஊர்களில் சிதறியிருந்த போர்த்துக்கேயர் தாக்கப்பட்டனர். முடிவில் அப்படை குடாநாட்டைக் கைவிட்டு, மன்னார்த் தீவில் கோட்டை அமைத்து அமர்ந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பதற்கு இது சான்று. ஆயினும் சறுக்கிய யானை மீண்டும் எழுந்தது என்பதையும் மறத்தலாகாது. மன்னாரில் ஊன்றிய கால் அசையவில்லை. 1591-இல் அந்திரே பூர்த்தாது த மென்தொன்சா படையெடுத்து வந்து, அரசனைக் கொன்று, தமக்கு இணங்கிய எதிர்மன்னசிங்கத்தை அரியணை ஏற்றினார். 1619-இல் பிலிப் த ஒலிவேறா சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்தார். அதன்பின் மிகப்பிள்ளை ஆராச்சி கிளர்ச்சி செய்தார்; தஞ்சை நாயக்கர் படையும் கடல் கடந்து துணைக்கு வந்தது. எனினும் பயன் விளையவில்லை. 1560-இல் வந்த படை வெளியிலிருந்து வந்த படை. 1619-இல் வந்ததோ அண்டையிலேயே கோட்டை கட்டிக் காத்திருந்த படை. அரசுரிமைப் போட்டியால் நாடும் பிளவுண்டிருந்தது.

இதே காலத்தில் கண்டி இராச்சியத்தின் கதை வேறாக இருந்தது. 1594, 1630, 1638 ஆகிய ஆண்டுகளில் போர்த்துக்கேயப் படைகள் மலைநாட்டில் பேரழிவுக்கு உள்ளாயின. ஒடுங்கிய கணவாயும் அடர்ந்த காடும் பீரங்கியின் வலிமையைக் குறைத்தன. ஆயின் அந்த மலையரணும் 1815-இல், தலைவர்கள் அரசனை விட்டு விலகியபோது, பெரும் போரின்றியே திறந்துகொண்டது. மலை காத்தது உண்மை. மக்களின் ஒற்றுமை இருக்கும் வரையே காத்தது. வன்னிக் காட்டில் பண்டாரவன்னியன் 1803-இல் முல்லைத்தீவை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியதும், அதே ஆண்டு அக்டோபர் 31-இல் கற்சிலைமடுவில் தோல்வியுற்றதும் காட்டரணின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுவன.

ஆயுதமே இன்றி எதிர்த்தல் இயலுமா என்ற வினாவுக்கும் யாழ்ப்பாணம் விடை தேடியது. சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, 1961 பெப்ரவரி 20-இல் செல்வநாயகம் முதலிய தமிழரசுக் கட்சித் தலைவர்கள் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கினர். மக்கள் தரையில் அமர்ந்தனர். நிருவாகம் ஏறத்தாழ இரண்டு மாதம் முடங்கிற்று. எந்த ஆட்சியும் எழுதுவோரும் பதிவோரும் வரி கொடுப்போரும் இணங்கினால்தான் நடைபெறும் என்ற உண்மை அங்கு வெளிப்பட்டது. ஏப்ரல் 17-இல் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது, படை வந்தது, தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டனர். வாயில் திறந்தது, கோரிக்கையோ தீரவில்லை.

1987 அக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாண நகரைக் கைப்பற்றப் போர் புரிந்தது. எதிரே நின்ற விடுதலைப் புலிகள் படைக்கலப் பயிற்சியற்ற குடிமக்கள் அல்லர். கண்ணிவெடியும் தானியங்கித் துப்பாக்கியும் உடைய அமைப்பினர். அவர்களாலும் நகரைக் காக்க இயலவில்லை. வன்னிக் காட்டுக்கே பெயர்ந்தனர். நான்கு அரண்களில் குடாநாட்டுக்கு இல்லாத ஒன்றை அவர்கள் அங்கே தேடினர். 1990 மார்ச்சில் இந்தியப் படை நாடு திரும்பியதற்குப் போர்க்களத்தோடு கொழும்பிலும் புதுதில்லியிலும் நிகழ்ந்த அரசியல் மாற்றங்களும் காரணமாயின.

ஆனால் அப்போரின் கணக்கில் வேறொரு பக்கமும் உண்டு. 1987 அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1995 அக்டோபர் 30-இல், இலங்கை இராணுவம் நகரை நெருங்கிய வேளையில், புலிகளின் அறிவிப்பின்படி இலட்சக்கணக்கானோர் மழையில் நனைந்தபடி செம்மணி வழியே தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். முதியோரும் கைக்குழந்தையரும் அக்கூட்டத்தில் இருந்தனர். எதிர்ப்பதா, பணிவதா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை.

ஆகவே, எளிய ஆயுதம் கொண்ட மக்கள் பெரும்படையைத் தடுக்க முடியுமா என்றால், சில காலம், சில இடத்தில், நிலமும் ஒற்றுமையும் புறத்துணையும் கூடும்போது முடியும் என்பதே வரலாறு தரும் விடை. படை நிலத்தைப் பிடிக்கலாம். மக்களின் இணக்கத்தைத் துப்பாக்கியால் பெறுதல் அரிது. அதுவே குடிமக்களின் உண்மையான வலிமை. ஆயினும் அவ்வலிமைக்குரிய விலையைக் கேட்காமல் எதிர்ப்பின் பெருமையை மட்டும் பேசுதல் முறையாகாது. அந்த விலையை முதலில் செலுத்துவோர் களத்தில் நிற்பவர் மட்டும் அல்லர். மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரும், மூட்டை சுமந்து செம்மணி வெளியைக் கடந்தவரும் ஆவர்.