நிகிஃபோர்: 'வெள்ளந்தி' ஓவியமும் பெயரிடும் அதிகாரமும்

கலை வரலாற்றில் 'வெள்ளந்தி ஓவியர்' என்றொரு பெட்டி இருக்கிறது. கலைப் பள்ளிக்குப் போகாதவர், தூரக்காட்சி விதிகள் அறியாதவர், குழந்தை மாதிரி வரைபவர் என்று சொல்லிச் சிலரை அதில் போட்டு மூடிவிடுவார்கள். போலந்தின் நிகிஃபோரையும் அப்படித்தான் போட்டார்கள். இந்தப் பெட்டி யாருக்கு வசதி என்பதே என் கேள்வி.

இன்றைய தெற்குப் போலந்தில், கிரினிட்ஸா என்னும் ஊரில் 1895இல் பிறந்தவர். லெம்கோ இனம். கார்ப்பாத்திய மலைகளில் வாழ்ந்த, தனி மொழியும் கிழக்கத்தியக் கிறித்தவ வழிபாடும் கொண்ட சிறுபான்மையினர் இவர்கள். தாய் கூலி வேலை செய்து பிழைத்த ஏழை. தகப்பன் பெயர் சொல்ல வழியில்லாத பிள்ளை. பேச்சில் குறை, அவர் பேசுவது மற்றவர்களுக்குப் புரியாது. கிரினிட்ஸா, ஊற்றுநீர்ச் சிகிச்சைக்கு வசதியானவர்கள் வந்து தங்கும் ஊர். அவர்கள் உலாவும் பாதையோரத்துச் சுவரில் உட்கார்ந்து, நீர்வண்ணத்தில் வரைந்து, சில்லறைக்கு விற்றார். சிகரெட் அட்டை, பள்ளி நோட்டு, அலுவலகக் கழிவுத்தாள் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் வரைந்தார். இப்படி ஆயிரக்கணக்கில்.

சரி, இந்தப் படங்களில் 'குழந்தைத்தனம்' எங்கே இருக்கிறது? தேவாலயங்கள், புனிதர்கள், மாளிகைகள், ரயில் நிலையங்கள். தடித்த கோடு போட்டு இடம் பிரித்து, அடங்கிய பச்சையும் சாம்பலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்காகக் கட்டியவை. தேவாலயத்துத் திருவுருவப் படங்களைப் பார்த்துப் பழகிய கண் இது. பயிற்சி இல்லாத கண் என்று எப்படிச் சொல்வது? தன்னையே ஆயராக, கனவானாக வரைந்துகொண்டார். தெருவில் பிச்சைக்காரனாகப் பார்க்கப்பட்டவன் தாளில் தனக்கொரு தகுதியை எடுத்துக்கொள்கிறான். படத்தின் அடியில் பெரிய எழுத்துகளில் ஏதோ எழுதியிருப்பார். பாதி சொல்லாகும், பாதி ஆகாது. எழுத்து என்றால் அதிகாரம் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

1930இல் ரோமன் துரின் என்ற ஓவியர் இவரைக் 'கண்டுபிடித்தார்'. 1932இல் படங்கள் பாரிஸ் போயின. புகழ் அங்கே; ஆள் சுவரோரத்திலேயே. பின்னாளில் பானாக் தம்பதியர் எழுதியும் கண்காட்சி வைத்தும் இவரை நிலைநிறுத்தினார்கள். அவர்கள் உழைப்பை நான் மறுக்கவில்லை.

ஆனால் 1947ஐ விட்டுவிட்டு இவரைப் பேச முடியாது. அந்த ஆண்டு 'விஸ்துலா நடவடிக்கை' என்ற பெயரில் போலந்து அரசு ஏறத்தாழ 1,40,000 உக்ரேனியர்களையும் லெம்கோக்களையும் தென்கிழக்கிலிருந்து பெயர்த்து, ஜெர்மனியிடமிருந்து கிடைத்த வடக்கு, மேற்குப் பகுதிகளில் சிதறடித்தது. நிகிஃபோரையும் கொண்டுபோய் விட்டார்கள். மனிதர் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். மறுபடி அனுப்பினார்கள், மறுபடி வந்தார். இது ஓர் அரசியல் செயல் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

1962இல் அதே அரசு, அவருக்கு நிகிஃபோர் கிரினிட்ஸ்கி என்று பெயர் வைத்துச் சான்று கொடுத்தது. கிரினிட்ஸ்கி என்றால் கிரினிட்ஸாக்காரன். எந்த ஊரில் இருக்கக்கூடாதென்று துரத்தினார்களோ அந்த ஊரையே பெயராகச் சூட்டினார்கள்! தாய்வழி வந்த ட்ரோவ்னியாக் என்ற பெயர் போயிற்று. அதோடு லெம்கோ என்ற தடமும். அவர் 1968இல் இறந்தார். லெம்கோ அமைப்பினர் வழக்காடி, 2003இல்தான் எபிஃபானி ட்ரோவ்னியாக் என்பதே அவர் பெயரென்று நீதிமன்றம் ஏற்றது.

'வெள்ளந்தி' என்ற சொல்லும் அந்த 1962ஆம் ஆண்டுச் சான்றும் செய்யும் வேலை ஒன்றுதான். இரண்டுமே இனத்தை, மொழியை, வழிபாட்டை, இடப்பெயர்ப்பைக் கழித்துவிட்டு, வரலாறு இல்லாத ஒரு குழந்தையை மிச்சம் வைக்கின்றன. குழந்தையிடம் யாரும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. குழந்தையும் யாரிடமும் கணக்குக் கேட்காது. அடித்தட்டுக் கலைஞர் ஒருவரை வெள்ளந்தி என்று நாம் பாராட்டும்போதெல்லாம், அவருக்குத் தெரிந்திருந்த எதை நாம் தெரிந்துகொள்ள மறுக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.