வைப்பாற்றின் கடைமடை

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. 1985-ஆம் ஆண்டுவரை ராமநாதபுரம் ஜில்லாவுடன் அது சேர்ந்திருந்தமையால், சிவகாசியில் சரவெடி பின்னியவரும் பாம்பனில் வலை இழுத்தவரும் ஒரே கலெக்டரிடம் மனுக் கொடுத்துவந்தனர். பிரிவினைக்குப் பின் சமுத்திர சம்பந்தம் சர்க்கார் ஏடுகளில் அற்றுப்போயிற்று. ஜலமார்க்கத்தில் அது அறவில்லை. அர்ச்சுனா நதி ஆனைக்குட்டம் அணையைத் தாண்டி இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்க, வைப்பாறு விளாத்திகுளம் வழியே சென்று சிப்பிகுளத்தருகே மன்னார் வளைகுடாவில் விழுகிறது. ஐப்பசி வெள்ளம் புரளும்போது, நம் ஊர் ஓடைகளில் எறியப்பட்ட பிளாஸ்டிக் உறைகளும் அவ்வழியே பிரயாணம் செய்கின்றன.

இத்தகைய குப்பை ஒதுங்கும் கடற்கரையைத் துப்புரவு செய்து அலையாத்திக் கன்று நடும் வைபவங்கள் இக்காலத்தில் பெருகியிருப்பது சந்தோஷமே. ஆயினும் கன்று நடுவதுதான் அப்பணியில் மிகச் சுலபமான பகுதி என்பதைப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் சரித்திரம் தெளிவாக்குகிறது. ஆங்கிலேயர் காலந்தொட்டு அங்கே கூப்பு முறையில் மரங்களை அடியோடு வெட்டியதனால், நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து நடுவே பள்ளமாய் அமிழ, ஓதத்தில் ஏறிய நீர் திரும்பி வடிய வழியின்றித் தேங்கி ஆவியாகி, எந்த விதையும் பிழைக்கவொண்ணாத அளவுக்கு உப்பு ஏறிவிட்டது. பழியோ நெடுங்காலம் ஆடுமாடு மேய்த்த ஏழைகள்மேலும் விறகு பொறுக்கியவர்மேலும் விழுந்தது! 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், வனத்துறையோடும் இருளர், மீனவர் முதலிய கிராமவாசிகளோடும் சேர்ந்து, மீன்முள்ளைப்போல் நடுவே ஒரு வாய்க்காலும் இருபுறமும் சாய்வான கிளைகளுமாக வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்த பின்னரே, வெண்கண்டல் என்னும் அலையாத்தி அங்கே வேர்பிடித்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது, அக்காட்டின் பின்னே இருந்த குக்கிராமங்கள், கடலுக்கு நேரே கிடந்தவற்றைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின.

அலையாத்தி மரம் உப்பைத் தாங்குமேயன்றி, உப்பை மட்டுமே உண்டு செழிப்பதில்லை; ஆற்றின் நன்னீரும் வண்டலும் அதற்கு அவசியம். வெம்பக்கோட்டையிலும் இருக்கன்குடியிலும் அணைகட்டி நீரைத் தேக்கியது, வானம் பார்த்த இப்பூமியில் குற்றமென்று சொல்லத் துணியேன். ஆனால் வைப்பாற்றின் முகத்துவாரத்துக்கு மிஞ்சுவது சில வாரங்களின் வெள்ளம் மாத்திரமே என்றால், அந்தச் சொற்ப நீரும் குப்பையைச் சுமந்து போவது அநியாயம்.

ஆகவே, சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாளாகிய செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையன்று, சிவகாசி வாலிபர்கள் பஸ் ஏறித் தூத்துக்குடி செல்ல வேண்டியதில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைத் தரிசிக்கத் திரளும் ஜனங்கள் ஆற்றுமணலில் விட்டுச்சென்றவை அப்போதும் அங்கேயே கிடக்கும். மழைக்கோ இன்னும் ஒரு மாதம் இருக்கும்.