'லூஸு'னு சொல்லிடுவாங்களோ?

அரியர் விழுந்தா நாலு பேர்கிட்ட கெஞ்சி நோட்ஸ் வாங்குறோம். காய்ச்சல் வந்தா வார்டன்கிட்ட லீவ் லெட்டர் நீட்டுறோம். ஆனா, "மூணு வாரமா தூக்கமே வரலை மச்சி"னு சொல்ல மட்டும் நமக்கு வாய் வராது. காரணம், 'லூஸு'னு சொல்லிடுவாங்களோங்கிற பயம்!

என் ரூம்மேட் கதையைக் கேளுங்க (பேர் வேண்டாம், அவன்கிட்ட பர்மிஷன் வாங்கித்தான் எழுதறேன்). செகண்ட் இயர் வரைக்கும் ஹாஸ்டல் கேரம் சாம்பியன். திடீர்னு மெஸ்ஸுக்கு வர்றதை நிறுத்தினான். பகல்ல தூக்கம், ராத்திரி முழிப்பு. சனிக்கிழமை பீர், தினசரி குவார்ட்டர் ஆச்சு. நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? 'லவ் ஃபெயிலியர்'னு முடிவு கட்டி, சோகப் பாட்டு போட்டு ஓட்டினோம். இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு. பொண்ணே கிடையாது, விஷயமே வேற.

ஒரு ராத்திரி, "இருக்கவே பிடிக்கலைடா"ன்னான். "செத்துடலாம்னு தோணுதா?"னு கேட்க எனக்குப் பயம். நாமளே ஐடியா கொடுத்த மாதிரி ஆகிடுமோ? ஆகாது பாஸ். நேரா கேட்கறதால அந்த எண்ணம் புதுசா முளைக்காது, உள்ளே அடைச்சு வெச்சவங்களுக்குப் பேச ஒரு வழி கிடைக்கும்னுதான் மனநல டாக்டர்கள் சொல்றாங்க. கேட்டேன். "ஆமா"ன்னான்.

அவனைத் தனியா விடாம, பக்கத்துலயே உட்கார்ந்து 14416-க்கு போன் போட்டேன். மத்திய அரசோட 'டெலி மானஸ்' திட்டத்துல, 2022 அக்டோபர்ல தமிழக அரசு 'நட்புடன் உங்களோடு'ங்கிற பேர்ல ஆரம்பிச்ச சேவை இது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். நண்பனுக்காக நாமளும் பேசலாம். அட்வைஸ் மழை பொழிவாங்கனு நினைச்சேன். "இப்ப அவர்கூட யார் இருக்காங்க? சாப்பிட்டாரா?"னுதான் முதல்ல கேட்டாங்க. தேவைப்பட்டா மனநல டாக்டர்கிட்டயும் பேச வைக்கிறாங்க.

காலேஜ் கவுன்சலர் இல்லையானு கேட்கறீங்களா? இருக்காங்க. ரூம், எச்.ஓ.டி. ரூமுக்கு நேர் எதிர்ல! யார் போவா சொல்லுங்க.

'போலீஸ் கேஸ் ஆகிடுமோ'ங்கிறது அடுத்த பயம். 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்துல இருந்தார்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது. சிகிச்சை விவரங்களை ரகசியமா வெச்சுக்கறதும் நோயாளியோட உரிமை. கஞ்சா விஷயத்துலயும் ஒரு வழி இருக்கு. 1985-ம் வருட போதைப்பொருள் சட்டத்தோட 64ஏ பிரிவு, பயன்படுத்தினதுக்காகவோ சிறிய அளவு வெச்சிருந்ததுக்காகவோ மாட்டினவர் தானா முன்வந்து போதை மீட்பு சிகிச்சைக்குப் போனா வழக்குலேர்ந்து விலக்கு தருது. பாதியில எஸ்கேப் ஆனா அந்த விலக்கு போயிடலாம். விக்கிற ஆசாமிகளுக்கு இதெல்லாம் கிடையாது.

"நாளைலேர்ந்து நானே நிறுத்திடறேன்"னு அவனும் வீராப்பு பேசினான். தினமும் அதிகமா குடிச்சுப் பழகினவங்க சட்டுனு நிறுத்தினா கை நடுங்கும், சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் மேற்பார்வை இல்லாம அந்த விளையாட்டு வேண்டாம். மன அழுத்தத்துக்கான மாத்திரையும் தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது. பலன் தெரியவே ரெண்டு, நாலு வாரம் ஆகலாம். இவன் ஆறாவது நாளே, "வேலை செய்யலைடா"னு தூக்கிப் போடப் பார்த்தான்.

வீட்டுக்குச் சொன்னப்ப, அவங்கம்மா போன்லயே அழுதாங்க. அப்புறம் கிளம்பி ராத்திரி பஸ் ஏறிட்டாங்க. 'என்னடா குறை வெச்சோம்?'னு கேட்பாங்கனு பயந்துட்டு இருந்தான். அவங்க டிபன் பாக்ஸைத்தான் திறந்தாங்க.

இப்ப மாசம் ரெண்டு தடவை அரசு ஆஸ்பத்திரி மனநல ஓ.பி. டோக்கன் வாங்கி வரிசையில உட்காருவான். நான் பக்கத்துல உட்கார்ந்து அசைன்மென்ட் காப்பி அடிப்பேன். அவனோட அசைன்மென்ட்டைத்தான்!