சீனி சேர்க்காத சாக்லேட் வேர்க்கடலை கேக்

பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் நீங்கள் மட்டும் கேக்கை ஒதுக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே செய்தால், எதை எவ்வளவு சேர்ப்பது என்பது உங்கள் கையில். பழுத்த வாழைப்பழமே இனிப்பைத் தந்துவிடும்.

தேவையானவை (8 சிறு துண்டுகள்)
• நன்கு பழுத்த பெரிய வாழைப்பழம் – 2
• முட்டை – 2
• சீனியும் உப்பும் சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் – 4 மேசைக்கரண்டி
• இனிப்பில்லாத கோக்கோ தூள் – 3 மேசைக்கரண்டி
• முழு கோதுமை மாவு – 6 மேசைக்கரண்டி
• பேக்கிங் பவுடர் – 1 தேக்கரண்டி

செய்முறை
1. பழத்தை மசித்து, முட்டையையும் வேர்க்கடலை வெண்ணெயையும் சேர்த்து நன்கு கலக்குங்கள்.
2. மற்றவற்றைச் சேர்த்து மெதுவாகக் கிளறுங்கள்.
3. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, அவனில் 180 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் வேகவிடுங்கள். அவன் இல்லையென்றால், இட்லிப் பானையில் 30 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டக்கூடாது.

கவனத்திற்கு
• சீனி சேர்க்காவிட்டாலும், பழமும் மாவும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடன் அருந்த, கோப்பி ஓ கோசோங் நல்லது.
• கேக் சாப்பிட்டதற்காக நீரிழிவு மருந்தின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.
• பரிமாறுமுன், யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள்.