செங்கல் இழுக்கும் சோதனையும் எரிமலையும்

உராய்வுப் பாடத்தில் செங்கல்லைச் சுருள்வில் தராசால் இழுத்துக் காட்டுகிறோம். செங்கல் நகரத் தொடங்கும்போது உள்ள அளவை மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். நகர்ந்தவுடன் அளவு சற்றுக் குறைவதைப் பலரும் கவனிப்பதில்லை. இயக்க உராய்வு, நிலை உராய்வைவிடக் குறைவு என்பதே இதன் பொருள். எரிமலைப் பாறைகளை ஆராய்வோருக்கு இந்தச் சிறு வேறுபாடு மிக முக்கியமானது.

அமெரிக்காவின் செயிண்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1980 மே 18 அன்று 5.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. உள்ளே ஏறிய பாறைக்குழம்பால் புடைத்திருந்த வடக்குச் சரிவு சரிந்து விழ, எரிமலை வெடித்தது. 57 பேர் இறந்தனர். 2004இல் அதே எரிமலையில் குழம்பு உள்ளேயே இறுகி, திடத் தூணாக வெளியே தள்ளப்பட்டது. அப்போது ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறை, மேளம் தட்டுவதுபோல, சிறு நிலநடுக்கங்கள் சீராகப் பதிவாயின. தூணின் மேற்பரப்பில் உராய்ந்த கோடுகளும் அரைபட்ட பாறைத்தூளும் காணப்பட்டன.

அந்தத் தூளை ஆய்வகத்தில் அழுத்தி, வெவ்வேறு வேகங்களில் நகர்த்தி உராய்வை அளந்தனர். சில நிலைகளில், வேகம் கூடும்போது உராய்வு குறைந்தது. தூண் சிக்கி நிற்கிறது. கீழிருந்து அழுத்தம் சேர்கிறது. திடீரென வழுக்கி மீண்டும் நிற்கிறது. ஒவ்வொரு வழுக்கலும் ஒரு சிறு நிலநடுக்கம் என்பது இதிலிருந்து பெற்ற விளக்கம்.

பாறையின் வலிமையை அறிய, அதை உருளையாக வெட்டி, உடையும்வரை அழுத்துவார்கள். பூமிக்குள் உள்ள நிலையை உருவாக்க, உருளையைச் சுற்றிலும் எண்ணெயால் அழுத்தம் தருவதும் உண்டு. அடர்ந்த பசால்ட் 100 மெகாபாஸ்கலுக்கு மேலும் தாங்கும். துளைகள் மிகுந்த நுரைக்கல் எளிதில் நொறுங்கும். வெந்நீரும் அமில வாயுக்களும் பாறையைக் களிமண்ணாக மாற்றினால் வலிமை, உராய்வு இரண்டுமே குறையும். வெளியே உறுதியாகத் தெரியும் மலை உள்ளே வலுவிழந்திருக்கலாம்.

வகுப்பில் செங்கல்லை உப்புத்தாள்மீது வைத்து, ரப்பர் பட்டையால் மெதுவாக இழுக்கச் சொல்லலாம். செங்கல் விட்டுவிட்டுத் தாவும். பட்டையின் நீளத்தைத் தாவலுக்கு முன்னும் பின்னும் அளக்கட்டும். பிறகு செங்கல்லின்மேல் இன்னொன்றை ஏற்றி, தாவல் என்னவாகிறது என்று கேளுங்கள். அடுத்து, களிமண்ணைக் குழைத்துப் பூசி இழுக்கட்டும். மழைக்காலத்தில் மலைச்சரிவு ஏன் சரிகிறது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழும்.