லாரிப் பட்டையில் உளி செய்யலாம். கட்டடக் கம்பியில் ஏன் முடியாது?

ஷார்ஜாவின் பழைய உதிரிபாகக் கடைகளில் லாரி ஸ்பிரிங் பட்டை கிடைத்தால் விடாதீர்கள். அதில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் உண்டு. கட்டடக் கம்பியில் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. அந்தக் கார்பன்தான் எல்லாம்.

எப்படி? பட்டையை உளியாகத் தேய்த்து, முனையைச் சிவக்கக் காய்ச்சுங்கள். காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றுத் தாண்டியதும் எண்ணெயில் தோய்த்தெடுங்கள்.

சூட்டில் கார்பன் இரும்புக்குள் கரைந்து பரவும். சட்டென்று குளிர்ந்தால்? கதவு சாத்திய கம்பெனி பஸ்ஸில் இறங்க வழியின்றி நெருக்கி நிற்பவர்கள் போல உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த நெருக்கடிதான் கடினம்.

இப்போதே சுத்தியலால் அடித்துவிடாதீர்கள், முனை தெறிக்கும்! பளபளவென்று தேய்த்து, மெல்லச் சூடாக்குங்கள். வைக்கோல் மஞ்சள் வரும். சுமார் 250 டிகிரியில் பழுப்பாகத் தொடங்கும். அங்கே நிறுத்துங்கள். கொஞ்சம் கார்பன் அந்த நெருக்கடியிலிருந்து விலகி இறுக்கம் தளரும், முனைக்கு உறுதி வரும்.

நீலம்வரை விட்டால் மர உளி சீக்கிரம் மழுங்கிவிடும்.